கேட்டுக்கொண்டிருப்பவரின் காட்சி

மறக்க முடியாத நடிப்பு எது என்று பேச உட்கார்ந்தால், ஐந்து நிமிடத்தில் பேச்சு வசனத்துக்குப் போய்விடுகிறது. யாராவது ஒருவர் 1952-இன் 'பராசக்தி' நீதிமன்றக் காட்சியை முழு மூச்சில் சொல்லிக் காட்டுவார். நன்றாகவும் சொல்வார். மு. கருணாநிதி எழுதிய அந்த வசனத்துக்கும் சிவாஜி கணேசன் அதை ஏற்றி இறக்கிய விதத்துக்கும் என் வணக்கம் எப்போதும் உண்டு. ஆனாலும் இந்தப் பேச்சு முடிந்து எழும்போதெல்லாம் ஏதோ விட்டுப்போனது போலவே இருக்கிறது. ஒருவர் பேசும்போது எதிரே இருந்தவர் என்ன செய்தார் என்று நாம் கேட்பதே இல்லை. பேசியவரை மனப்பாடம் செய்கிறோம், கேட்டவரை மறந்துவிடுகிறோம். பல காட்சிகளில் நம்மைப் பிடித்து உலுக்கியது அந்தக் கேட்ட முகம்தான் என்பதும், அந்த முகத்துக்கு வேலை வைத்தது திரைக்கதை எழுதியவர் என்பதும் பேச்சில் வருவதே இல்லை.

இதைச் சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. பிடித்த காட்சி ஒன்றை மூன்று முறை பாருங்கள். முதல் முறை வழக்கம்போல. இரண்டாம் முறை ஒலியை முழுக்க அடைத்துவிட்டு. மூன்றாம் முறை ஒலியோடு, ஆனால் பேசுபவரைப் பார்ப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டு, அவர் திரையில் இருந்தாலும் பார்வையை மற்றவர் மேலேயே வைத்து. காட்சி நன்றாக எழுதப்பட்டிருந்தால் மூன்றாம் முறையில் இன்னொரு கதை தெரியும். மோசமாக எழுதப்பட்டிருந்தால் எதிரே நிற்பவர் தன் முறை வரும்வரை காத்திருப்பது தெரியும். வரிசையில் நிற்பவரின் முகம் அது.

பாலையாவின் வேலை

இந்தச் சோதனைக்கு முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியது 1964-இல் ஸ்ரீதர் இயக்கிய 'காதலிக்க நேரமில்லை'. நாகேஷ் தன் அப்பாவுக்குக் கதை சொல்லும் காட்சியைத் தெரியாதவர் கிடையாது. எல்லோரும் நாகேஷைச் சொல்கிறார்கள். வாயாலேயே காற்றையும் கதவையும் இருட்டையும் உண்டாக்கும் அந்த வித்தை அபாரமானது, மறுப்பில்லை. ஆனால் அந்த அப்பாவாக நடித்த பாலையாவை எடுத்துவிட்டு அதே கதையைக் காமிராவைப் பார்த்து நாகேஷ் சொல்வதாக நினைத்துப் பாருங்கள். திறமையான மிமிக்ரி மிஞ்சும், காட்சி காணாமல் போய்விடும்.

ஏன் அப்படி? ஸ்ரீதரும் அவரோடு எழுதிய சித்ராலயா கோபுவும் பாலையாவை வெறும் பார்வையாளராக உட்கார வைக்கவில்லை. அவர் பணக்கார அப்பா, மகன் படமெடுக்கப் பணம் கேட்கிறான், கொடுக்க மனமில்லை. ஆக, அந்த நாற்காலியில் அவர் ஒரு வேலையோடு உட்கார்ந்திருக்கிறார். மகன் சொல்வது எதற்கும் அசையக் கூடாது என்பதே அந்த வேலை. அசைந்தால் பணம் போச்சு. அசையக்கூடாது என்று உட்கார்ந்த ஆள் கொஞ்சம் கொஞ்சமாக அசைவதைத்தான் நாம் பார்க்கிறோம். பயப்படுகிற ஆளை விட, பயத்தைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று இருந்து பயந்துபோகிற ஆளைப் பார்க்கச் சுவை கூட. முன்னது ஒரே ஓர் உணர்ச்சி. பின்னதில் இரண்டு உணர்ச்சிகள் ஒரே முகத்தில் இடம் பிடிக்கச் சண்டை போடுகின்றன. பாலையாவுக்கு அங்கே வசனம் மிகக் குறைவு. ஆனால் எழுத்து அவருக்குத்தான் கூடுதலாகக் கொடுத்திருக்கிறது.

திரைக்கதை எழுதிப் பழகுகிறவர்கள் இதை நாற்காலிக் கணக்காக வைத்துக்கொள்ளலாம். காட்சியில் எத்தனை நாற்காலிகள் இருக்கின்றனவோ அத்தனை பேருக்கும் உட்காரும்போதே ஒரு வேலை இருக்க வேண்டும். பேசுகிறவருக்கு வேலை தானாக வந்துவிடும், ஏதோ ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கேட்பவருக்கு நாம்தான் தேடிக் கொடுக்க வேண்டும். மறைப்பது, தாங்குவது, நம்ப மறுப்பது, நேரம் கடத்துவது, எதிராளி இன்னும் என்ன தெரிந்து வைத்திருக்கிறார் என்று துழாவுவது. இந்த வினைச்சொற்களில் ஒன்றுகூட அகப்படவில்லை என்றால் அந்த ஆள் காட்சியில் எதற்கு?

தாளில் எப்படி வைப்பது

பெரும்பாலான சீன் பேப்பர்களில் கேட்பவருக்குக் கிடைப்பது ஓர் அடைப்புக்குறிதான். ஓர் உதாரணம் எழுதிக் காட்டுகிறேன். இரண்டு சகோதரிகள். வயதான அப்பாவை முதியோர் இல்லத்தில் சேர்க்கத் தங்கை தானாக முடிவு செய்துவிட்டாள்.

சுதா: அக்கா, அப்பாவுக்கு அந்த இல்லத்துல இடம் சொல்லிப் பணமும் கட்டிட்டேன்.
மீரா (அதிர்ச்சியுடன், கண் கலங்க, கோபத்தை அடக்கிக்கொண்டு): என்னடி சொல்றே? என்னை ஒரு வார்த்தை கேக்காம எப்படி முடிவெடுத்தே?

அடைப்புக்குறிக்குள் மூன்று உணர்ச்சிகள். மூன்றும் ஒரே நேரத்தில் வேண்டும் என்கிறது தாள். நடிகை என்ன செய்வார்? கண்ணை அகல விரித்து, உதட்டைக் கடித்து, குரலை நடுங்க விடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது, கேட்டதைக் கொடுத்திருக்கிறார். அதிர்ச்சி, கலக்கம், கோபம் எல்லாம் விளைவுகள். விளைவை எழுதிக் கொடுத்தால் விளைவின் படம்தான் கிடைக்கும். போதாததற்கு, மனதில் ஓடுவதை அடுத்த வசனம் அப்படியே சொல்லிவிடுகிறது. முகத்துக்கு மிச்சமாக ஒன்றும் இல்லை.

அதே காட்சியை இப்படி எழுதலாம். மேசையில் வாரத்துக்கான மாத்திரைப் பெட்டி. ஏழு நாள், பகல் ஒன்று இரவு ஒன்று, மொத்தம் 14 குழிகள். மீரா அப்பாவின் மாத்திரைகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

சுதா: அக்கா, அப்பாவுக்கு அந்த இல்லத்துல இடம் சொல்லிட்டேன்.
மீராவின் கை நிற்கவில்லை. புதன் பகல். புதன் இரவு.
சுதா: ஒண்ணாந்தேதியிலருந்து வரலாமாம். பணம் கட்டியாச்சு.
வியாழன் பகல். வியாழன் இரவுக் குழியில் ஒரு மாத்திரை. அதே குழியில் இன்னொன்று. மீரா அதைப் பார்க்கிறாள். எது கூடுதல் என்று அவளுக்குத் தெரியவில்லை. பெட்டியை மேசைமேல் கவிழ்க்கிறாள். ஞாயிறு பகலிலிருந்து மறுபடி தொடங்குகிறாள்.
மீரா: அங்க இதை யாரு பிரிச்சுப் போடுவா?

உணர்ச்சியின் பெயர் ஒன்றுகூட இல்லை. ஆனால் நடிகைக்குச் செய்ய வேண்டியது தெளிவாக இருக்கிறது: எண்ணிக்கையைத் தவறவிடாமல் இருக்க வேண்டும். தங்கையின் சொற்கள் அந்த எண்ணிக்கையைக் கலைக்கின்றன. கலைந்த இடம் நமக்குத் தெரிகிறது. மறுபடி முதலிலிருந்து தொடங்குவது கோபமா, மறுப்பா, இந்த வேலையை இன்னும் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ளும் ஆசையா என்று யாரும் சொல்லவில்லை. மூன்று நடிகைகள் மூன்று விதமாகச் செய்யலாம். மூன்றும் சரியாகவே இருக்கும்.

இப்படி எழுதும்போது வரும் சிக்கல்களையும் எழுதுகிறவர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். முதலாவது கன்டினியூட்டி, அதாவது ஒரு ஷாட்டில் இருந்தது அடுத்த ஷாட்டிலும் அப்படியே இருப்பது. எந்தச் சொல்லில் எந்தக் குழி என்று முதல் டேக்கிலேயே குறித்து வைக்காவிட்டால், க்ளோசப்பில் வெள்ளிக்கிழமை நிரம்பியிருக்கும், காட்சி முழுவதையும் சேர்த்து எடுக்கும் மாஸ்டர் ஷாட்டில் காலியாக இருக்கும். ஒரே மாதிரி நான்கு பெட்டிகள் தயாராக இருந்தால் நிம்மதி: ஒன்று காலியாக, ஒன்று செவ்வாய் இரவு வரை நிரப்பி, ஒன்று வியாழன் பகல் வரை, ஒன்று கவிழ்ப்பதற்கு. இரண்டாவது ஒலி. மாத்திரை பிளாஸ்டிக்கில் விழும் 'டக்' சுதாவின் வசனத்தின் மேலேயே விழும். சுதாவின் க்ளோசப் எடுக்கும்போது குழிகளுக்குள் மெல்லிய ஸ்பாஞ்ச் வைத்துவிட்டு, அந்த 'டக்' ஓசையைத் தனியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். எடிட்டில் அது பொன் மாதிரி. பேச்சு நடந்துகொண்டே இருக்க, 'டக்' மட்டும் நின்றுபோனால் பார்ப்பவர் தானாகவே மீராவைத் தேடுவார்.

மூன்றாவது சிக்கல் நேரம், இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வழக்கமான வடிவத்தில் திரைக்கதையின் ஒரு பக்கம் திரையில் ஏறத்தாழ ஒரு நிமிடம் என்பது கணக்கு. படப்பிடிப்புக்குத் திட்டம் போடும்போது பக்கத்தை எட்டாகப் பிரித்து, இது எட்டில் ஒரு பங்கு, இது எட்டில் மூன்று என்று நேரம் ஒதுக்குவார்கள். வசனத்துக்கு இந்தக் கணக்கு பெரும்பாலும் சரிவரும், மௌனத்துக்குச் சரிவராது. 'ஞாயிறு பகலிலிருந்து மறுபடி தொடங்குகிறாள்' என்பது தாளில் ஒரு வரி. திரையில் 20 விநாடிகூட ஆகலாம். ஒரு வரிதானே என்று மாலையில் வெளிச்சம் போகும் நேரத்துக்குத் தள்ளிவிட்டால், காட்சியின் உயிரான இடம் ஒரே டேக்கில் அவசரமாக முடிந்துபோகும். அதனால் மௌனத்தை ஒரே வரியில் அடைக்காமல், ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு வரி கொடுத்துக் கீழே கீழே எழுதுவது நல்லது. தாளில் இடம் பிடித்தால் நாள் திட்டத்திலும் இடம் பிடிக்கும்.

வாய் அடைபட்ட நடிகர்

என் எண்ணத்தை முழுக்கத் திருப்பிப் போட்டது 1968-இன் 'தில்லானா மோகனாம்பாள்'. கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதையை ஏ. பி. நாகராஜன் படமாக்கினார். அதில் 'நலந்தானா' பாட்டு. கண்ணதாசன் எழுதி, கே. வி. மகாதேவன் இசையில் பி. சுசீலா பாடியது. அதை நாட்டியமாக, இசையாக, பத்மினியின் அழகாக எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். அதை ஒரு திரைக்கதைக் காட்சியாகப் பார்க்கும்போதுதான் அதன் துணிச்சல் தெரிகிறது.

கணக்கு இதுதான். தமிழ்த் திரையில் வசனத்துக்கு இலக்கணம் வகுத்த நடிகர் ஒருவர் இருக்கிறார். கதையின் உச்சமான ஒரு சந்திப்பு வருகிறது. காயம்பட்டுத் தேறிய நாதஸ்வரக்காரன் சண்முகசுந்தரம் (சிவாஜி) வாசிக்கிறான், மோகனா (பத்மினி) ஆடுகிறாள். ஊரார் முன்னால் அவள் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: நலமா? இருவரையும் தனியறையில் நிறுத்தி, சிவாஜிக்கு இரண்டு பக்க வசனம் கொடுத்திருக்கலாம். கொட்டகை அதிர்ந்திருக்கும். கதை அதைச் செய்யவில்லை. அந்த நேரத்தில் அவர் வாயில் நாதஸ்வரத்தின் சீவாளி இருக்கிறது.

நாதஸ்வரம் வாசிக்கிறவரின் முகத்தில் நடிப்புக்கு என்ன மிச்சம் என்று எண்ணிப் பாருங்கள். உதடு சீவாளியைக் கவ்வியிருக்கிறது. கன்னம் காற்றைத் தேக்கி வைத்திருக்கிறது. இரண்டு கைவிரல்களும் துளைகளின் மேல். கழுத்து வாத்தியத்தின் கோணத்துக்குக் கட்டுப்பட்டது. கண்ணும் புருவமும் நெற்றியும்தான் மிச்சம். அதுவும் சுதந்திரமாக இல்லை. படத்துக்காக நாதஸ்வரம் வாசித்தவர்கள் மதுரை சகோதரர்கள், எம். பி. என். சேதுராமனும் பொன்னுசாமியும். முன்பே பதிவான வாசிப்பு ஓட, அதன் மூச்சுக்குச் சரியாக நடிகரின் கன்னம் உப்பி இறங்க வேண்டும். எங்கே மூச்சு எடுக்கிறார்களோ அங்கேதான் இவரும் எடுக்க முடியும். பொங்குகிற இடத்தில் விம்ம முடியாது, ஏனென்றால் அங்கே வாசிப்பு நிற்கவில்லை.

இத்தனையையும் பிடுங்கிக்கொண்ட பிறகு மிஞ்சிய அந்தக் கண்களில் நடப்பதைப் பாருங்கள். அவள் கேட்கிறாள், அவன் பதில் சொல்ல முடியாது. சொல்லக்கூடிய ஒரே பதில், வாசிப்பை விடாமல் தொடர்வது. வாசிக்க முடிகிறது என்பதே நலம் என்பதற்கு அத்தாட்சி. ஆனால் அவள் குரலில் இருக்கும் அன்பு அந்த வாசிப்பையே தடுக்கப் பார்க்கிறது. மாத்திரைப் பெட்டியின் கணக்கும் இதுதான்: கையில் ஒரு வேலை, அதைக் கலைக்க வரும் ஒரு சொல். கலையாமல் காப்பதற்கான பாடுதான் நடிப்பு. பக்கத்தில் தவிலோடு உட்கார்ந்திருப்பவர் யார்? அதே பாலையா. நான்கு வருடத்துக்கு முன் நாற்காலியில் அசையாமல் இருக்கப் பார்த்தவர், இங்கே இருவருக்கும் நடுவில் ஓடுவதைப் புரிந்துகொண்டு, புரிந்ததைச் சபையில் காட்டிக்கொள்ளாமல் தாளத்தையும் காக்க வேண்டிய ஆள்.

சிறந்த நடிகருக்குப் பெரிய வசனம் எழுதுவதுதான் மரியாதை என்ற எண்ணம் இந்தப் பாட்டோடு என்னை விட்டுப் போய்விட்டது. அவரிடம் எதையெல்லாம் எடுத்துக்கொள்ளலாம் என்று துணிந்து யோசிப்பதும் மரியாதைதான். சொல்லப்போனால் அதில் நம்பிக்கை கூடுதல்.

யாரை முதலில் எடுப்பது

நன்றாக எழுதிய காட்சியும் படப்பிடிப்பில் கேட்பவரை இழந்துவிடும். அது நடக்கும் வழிகள் பெரும்பாலும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான்.

இருவர் பேசும் காட்சியில் முதலில் மாஸ்டர், பிறகு தோளுக்கு மேலிருந்து சஜஷன், பிறகு தனித்தனி க்ளோசப் என்பது வழக்கமான வரிசை. பேசுபவரின் க்ளோசப்பை முதலில் எடுத்து முடிப்பார்கள், வசனம் அதிகம் என்பதால். பத்துப் பன்னிரண்டு டேக் போகும். அதற்குப் பிறகு காமிராவைத் திருப்பி, ஒளியை மாற்றி, கேட்பவருக்கு வருவதற்குள் அவர் அந்தச் செய்தியை இருபது முறை கேட்டிருப்பார். புதிதாகக் கேட்பது போல நடிக்க முடியுமே தவிர, புதிதாகக் கேட்க முடியாது. காட்சியின் பாரம் கேட்பவர் மேல் இருந்தால் அவருடைய க்ளோசப்பை முதலில் எடுங்கள். மாஸ்டரையே கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

எதிரே நிற்பது யார் என்பது இன்னொன்று. நேரமாகிவிட்டது என்று பெரிய நடிகரை அனுப்பிவிட்டு, அவர் வசனத்தை உதவி இயக்குநர் ஒருவர் தட்டையாகப் படிக்க, மற்றவர் க்ளோசப் கொடுப்பது எல்லா ஊரிலும் நடப்பது. 1954-இன் 'ஆன் தி வாட்டர்ஃப்ரன்ட்' படத்தின் புகழ்பெற்ற டாக்சிக் காட்சியில் ராட் ஸ்டைகரின் க்ளோசப்கள் மார்லன் பிராண்டோ எதிரே இல்லாமல்தான் எடுக்கப்பட்டன. ஸ்டைகருக்கு அந்த வருத்தம் கடைசிவரை தீரவில்லை. இருந்தும் அந்தக் காட்சியில் ஸ்டைகர் கேட்கும் விதம் எனக்கு பிராண்டோ பேசும் விதத்துக்குச் சற்றும் குறைந்ததாகத் தோன்றியதில்லை. தம்பியை மிரட்டிப் பணியவைக்க வந்த அண்ணன், தன் மேலேயே திரும்பும் குற்றச்சாட்டைக் கேட்கிறான். அவன் சொல்லிப் பார்க்கும் சாக்கு எதுவும் எடுபடாதபடி எழுதியிருக்கிறார் திரைக்கதை எழுதிய பட் ஷுல்பெர்க்.

அடுத்தது பார்வை, படப்பிடிப்பில் 'லுக்' என்பார்கள். கேட்பவரின் க்ளோசப்பில் எதிராளி லென்ஸை ஒட்டி, ஒரு சாண் தூரத்துக்குள் நிற்க வேண்டும். தள்ளி நின்றால் பக்கவாட்டு முகம்தான் கிடைக்கும், ஒரு கண் இருட்டில் போய்விடும். எதிராளி உட்கார்ந்திருக்கும் காட்சியில் வசனம் கொடுப்பவர் நின்றுகொண்டிருந்தால், கேட்பவர் யாரையோ அண்ணாந்து பார்ப்பது போல ஆகி, உறவின் எடையே மாறிவிடும்.

தமிழ்ப் படப்பிடிப்பில் ப்ராம்ப்ட்டிங் என்ற பழக்கமும் கேட்டலுக்கு எதிரி. காமிரா பக்கத்திலிருந்து உதவி இயக்குநர் வசனத்தை எடுத்துக் கொடுக்க, நடிகர் அதைத் திருப்பிச் சொல்வார். டப்பிங்கில் குரலை மாற்றிக்கொள்ளலாம் என்பதால் இது நிலைத்துவிட்டது. பேசுகிறவருக்கு இதனால் வரும் நஷ்டம் குறைவு. ஆனால் காது எதிராளியிடம் இருக்காது, ப்ராம்ப்ட்டரிடம் இருக்கும். தன் வரி எப்போது வரும் என்று காத்திருக்கும் காது முகத்தில் அப்பட்டமாகத் தெரியும். குறைந்தபட்சம், வசனமே இல்லாத க்ளோசப்களிலாவது ப்ராம்ப்ட்டிங்கை நிறுத்திவிட்டு எதிர் நடிகரையே முழு வசனத்தையும் பேசச் சொல்லலாம். டப்பிங்கிலும் பேசாதவர்களை மறந்துவிடக் கூடாது. எச்சில் விழுங்குவது, மூக்கால் விடும் மூச்சு, பேச வாய் திறந்து நிறுத்தும்போது வரும் சிறு ஓசை எல்லாவற்றையும் தனியாகப் பதிய வேண்டும். பதியாவிட்டால் கேட்கும் முகம் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது போலத் தெரியும்.

கத்தரிக்கும் இடம்

எடிட்டிங்கில் நடக்கும் தவறு எளிமையானது. வசனம் முடிந்ததும் கேட்பவருக்கு வெட்டுவது. அவர் பேசி முடித்தார், இவர் முகம், இவர் பேசி முடித்தார், அவர் முகம் என்று டென்னிஸ் பந்து போல. வாழ்க்கையில் யாரும் முற்றுப்புள்ளியில் அடிபடுவதில்லை, ஒரு சொல்லில் அடிபடுகிறார்கள். 'பணம் கட்டியாச்சு' என்பதில் 'கட்டி' என்னும்போதே மீராவுக்கு விஷயம் புரிந்துவிடும். வெட்டு அங்கே வர வேண்டும், மிச்சச் சொல் அவள் முகத்தின் மேல் ஓட வேண்டும். சொல் விழுந்த அதே ஃப்ரேமில் முகம் மாறினால் பொய்யாக இருக்கும். விநாடிக்கு 24 ஃப்ரேம் ஓடும் படத்தில் 8 முதல் 12 ஃப்ரேம் வரை ஒன்றும் ஆகாத முகம் வேண்டும், பிறகு மாற்றம். அந்த ஒன்றும் ஆகாத அரை விநாடியை நீளம் என்று வெட்டிவிடுகிற எடிட்டர்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

முகத்தின் அர்த்தத்தைப் பக்கத்து ஷாட் தீர்மானிக்கும் என்பதை சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவின் சோதனையிலிருந்து (ஒரே வெற்று முகத்தை வெவ்வேறு ஷாட்களோடு ஒட்டிக் காட்டியது) எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதை வைத்து நடிகர் எதுவும் செய்யத் தேவையில்லை என்று முடிவு கட்டுகிறவர்களும் உண்டு. எனக்கு அது அரைகுறை வாசிப்பாகவே படுகிறது. வெறும் முகம் வேலை செய்வது, பார்ப்பவருக்கு அந்த முகத்தைப் பற்றி ஏற்கெனவே ஏதோ தெரிந்திருக்கும்போதுதான். அந்தத் தெரிதலைத் தருவது எழுத்து.

1972-இன் 'தி காட்ஃபாதர்' உணவகக் காட்சி இதற்கு ஒரு பாடநூல். மாஃபியா குடும்பத்துப் பிள்ளை மைக்கேல் (அல் பசினோ), எதிரி சொலோட்சோவோடு பேச உட்காரும்போது என்ன செய்ய வேண்டும் என்று முந்தைய காட்சியிலேயே நமக்குச் சொல்லியாகிவிட்டது: கழிவறையில் துப்பாக்கி இருக்கும், எடுத்துக்கொண்டு வெளியே வந்ததும் சுட வேண்டும். திட்டம் அவ்வளவுதான். அவன் வெளியே வருகிறான், சுடவில்லை, வந்து உட்கார்ந்துவிடுகிறான். சொலோட்சோ மறுபடி பேசத் தொடங்குகிறான், இத்தாலியில். படத்தில் அதற்குச் சப்டைட்டில் கிடையாது. காமிரா அல் பசினோவின் முகத்தில் நிற்க, கண் அங்குமிங்கும் அலைகிறது. ஒலியைக் கவனித்த வால்டர் மர்ச் சேர்த்த ரயில் இரைச்சல் ஏறிக்கொண்டே போகிறது, ரயில் கண்ணில் படுவதில்லை.

அந்த உட்காருதல்தான் காட்சியின் திருப்பம். திட்டப்படி வந்ததும் சுட்டிருந்தால் அது ஒரு கொலைக் காட்சி, அவ்வளவே. உட்கார வைத்ததால், கேட்காமல் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு மனிதனை நாம் பார்க்கிறோம். பேச்சு நமக்கும் புரியாது, அவனுக்கும் காதில் ஏறவில்லை. சப்டைட்டில் போட்டிருந்தால் நம் கண் திரையின் அடிப்பகுதிக்குப் போயிருக்கும், பசினோவின் கண்ணை விட்டிருப்போம். எழுத்து, நடிப்பு, ஒலி மூன்றும் இங்கே பேசுகிறவனைக் கைவிட்டுக் கேட்பவன் பக்கம் சேர்ந்துகொள்கின்றன. அவன் இன்னும் வீட்டுக்குத் திரும்பக்கூடிய பிள்ளையாக இருப்பது இந்தச் சில விநாடிகள்தான். எழுந்தால் முடிந்தது.

தொடர்களில்

தொலைக்காட்சித் தொடர்களில் கேட்கும் முகத்துக்குப் பஞ்சமே இல்லை என்பார்கள். ஒருவர் ஒரு வரி சொன்னதும் அறையில் இருக்கும் ஆறு பேருக்கும் ஒவ்வொரு க்ளோசப், ஒவ்வொன்றுக்கும் ஓர் இடி முழக்கம். தினமும் ஓர் அத்தியாயம் நிரப்பியாக வேண்டும், விளம்பரம் போக அரைமணிக்கு 22 நிமிடம் தேவை என்ற நெருக்கடி புரிகிறது. ஆனால் ஆறு பேருக்கும் ஒரே அதிர்ச்சி என்றால் ஐந்து பேர் வீண். மாமியாருக்கு நிம்மதி, நாத்தனாருக்குப் பயம், வாசலில் நிற்கும் மருமகனுக்கு விஷயம் முன்பே தெரியும் என்று பிரித்திருந்தால், அந்த ஆறு க்ளோசப்பும் ஆறு கதையாகியிருக்கும். செலவு அதேதான்.

திரைப்படத்துக்கு இல்லாத ஒரு வசதி தொடருக்கு உண்டு. கேட்பவரை வருடக்கணக்கில் கேட்க வைக்கலாம். 'தி சோப்ரானோஸ்' என்ற அமெரிக்கத் தொடர் 1999-இல் தொடங்கியபோதே மனநல மருத்துவர் மெல்ஃபியின் அறையில் மாஃபியா தலைவன் டோனி பேசவும் அவர் கேட்கவும் என்று ஓர் ஏற்பாடு வைத்துவிட்டார்கள். டோனியாக ஜேம்ஸ் கண்டோல்ஃபினி அந்த நாற்காலியில் சீறுகிறார், சிரிக்கிறார், அழுகிறார். எதிரே மெல்ஃபியாக லொரெய்ன் பிராக்கோ முகத்தைக் கட்டுக்குள் வைத்துக் கேட்கிறார், ஏனென்றால் அதுதான் அவர் தொழில். இங்கே கேட்பவருக்கான வேலையைக் கதாபாத்திரத்தின் தொழிலே கொடுத்துவிடுகிறது.

2001-இல் வந்த மூன்றாம் பருவத்தில், ராபின் கிரீனும் மிட்செல் பர்ஜஸும் எழுதி எம்மி விருது பெற்ற அத்தியாயத்தில், மெல்ஃபி பாலியல் வன்முறைக்கு ஆளாகிறார். செய்தவன் சட்டத்தின் ஓட்டையில் தப்பிவிடுகிறான். ஒரு வார்த்தை சொன்னால் போதும், எதிரே உட்கார்ந்திருக்கும் டோனி அவனை விட்டு வைக்கப் போவதில்லை. அது அவருக்குத் தெரியும், நமக்கும் தெரியும். டோனிக்கு மட்டும் தெரியாது. கடைசிக் காட்சியில் மெல்ஃபி உடைந்து அழ, டோனி பதறி எழுந்து வருகிறான். இத்தனை நாள் பேசியவன் முதல்முறையாகக் கேட்பவனாகிறான். ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்கிறான்.

அந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே பிராக்கோவின் முகத்தில் ஒன்றுமே பெரிதாக நடப்பதில்லை. சொல்லிவிடுவாரோ என்று நாம்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம், சொல்லிவிடட்டும் என்று பாதி மனது ஏங்கவும் செய்கிறது. தாளில் அவருக்கு எழுதியிருப்பது ஒரு சொல். "இல்லை" என்கிறார், அத்தியாயம் முடிகிறது.